பெயர் இடம் மாறியது. ஆம்புலன்ஸ் வழி மாறியது!

கம்ப்யூட்டர் வரைபடத்தில் உங்கள் தெரு சரியாக இருக்கிறதா?

இரவு மணி 11-30. சென்னையை ஒட்டிய ஒரு புறநகர். ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒருவரின் வீடு. அவருடைய தாயாருக்கு வயது 74. திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேர்வை கொட்டியது.

மகன் போனை எடுத்தார். ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது, 8 நிமிடத்தில் வந்துவிடும் என்றார்கள்.

8 நிமிடம் ஆயிற்று. 15 நிமிடம் ஆயிற்று. வண்டியைக் காணோம்!

போன் அடித்தது.

"சார், காந்தி தெருவிலேதான் நிக்கிறேன். வீடு எங்கே?"

"நானும் காந்தி தெருவிலேதான் நிக்கிறேன். வண்டி எங்கே?"

ஓட்டுநர் பொய் சொல்லவில்லை. செல்போன் வரைபடம் காட்டிய இடத்தில்தான் அவர் நின்றார். ஆனால் அது கால்வாய்க்கு அந்தப் பக்கம். கடைக்காரர் வீடு இந்தப் பக்கம். நடுவில் பாலம் கிடையாது. சுற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் 25 நிமிடம் ஓடிவிட்டது.

நல்லவேளையாகத் தாயார் பிழைத்துக்கொண்டார். ஆனால் மகனுக்குத் தூக்கம் போய்விட்டது.

"அம்மா பொழைச்சது ஆண்டவன் புண்ணியம். ஆனா 30 வருஷமா இங்கேயே இருக்கிற தெரு எப்படி சார் கால்வாயைத் தாண்டிப் போச்சு?" என்று பார்க்கிறவர்களை எல்லாம் கேட்டார்.

பதில் பக்கத்து வீட்டிலேயே இருந்தது.

ஓடிப்போன தெரு

பக்கத்து வீட்டுப் பையன் என்ஜினீயரிங் மாணவன். கம்ப்யூட்டரில் வரைபடம் போடத் தெரிந்தவன். லேப்டாப்பைத் திறந்து, பொதுமக்களே திருத்தக்கூடிய ஒரு வரைபடத்தை எடுத்துக் காட்டினான். ஓட்டுநர் பார்த்த செயலிக்கும் அதுதான் அடிப்படை.

தெரு இருந்தது. வளைவு, திருப்பம் எல்லாம் அச்சு அசலாக இருந்தது. ஆனால் பெயர் இல்லை! வெறும் வெள்ளைக் கோடு. கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு மூலையில், தனியாக ஒரு புள்ளி. அதன் மேல் 'காந்தி தெரு' என்று எழுதியிருந்தது.

"அங்கிள், ரோட்டுக்குப் பேரே கொடுக்கலை. யாரோ ஒருத்தர் ஒரு புள்ளியை வெச்சு அதுல பேரை எழுதிட்டுப் போயிட்டாங்க. அதுவும் தப்பான இடத்துல."

"பேருதான் தெரியுதே தம்பி?"

"உங்க கண்ணுக்குத் தெரியுது. கம்ப்யூட்டருக்குத் தெரியலை. அது அந்தப் புள்ளியைத்தான் காந்தி தெருன்னு நெனைக்குது. வண்டியை அங்கேயே கொண்டு போய் நிறுத்திடுச்சு."

விஷயம் இவ்வளவுதான். ஒரு பெயர் எழுதப்பட்ட விதம் தப்பு. அதற்கு விலை, பாதி ராத்திரியில் ஒரு கிழவியின் உயிர் ஊசலாடியது!

மளிகைக் கடை டப்பா

கம்ப்யூட்டர் வரைபடத்தில் எழுத்து வைப்பதற்கு இரண்டு வழி உண்டு. மளிகைக் கடையை நினைத்துப் பாருங்கள். புரிந்துவிடும்.

டப்பாவின் மேலேயே 'துவரம் பருப்பு' என்று சீட்டு ஒட்டுவது ஒரு வழி. டப்பாவை எங்கே நகர்த்தினாலும் சீட்டும் கூடவே போகும். ஒட்டாமல், அலமாரிப் பலகையில் டப்பாவுக்கு முன்னால் சீட்டை வைப்பது இன்னொரு வழி. டப்பாவை இடம் மாற்றினால் சீட்டு பழைய இடத்திலேயே நிற்கும். புதிதாக வந்த கடைப்பையன் சர்க்கரை கேட்டவருக்கு உப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பான்!

ஒட்டிய சீட்டுக்கு வரைபடத் தொழிலில் 'லேபிள்' என்று பெயர். பலகையில் வைத்த சீட்டுக்கு 'அனோடேஷன்' என்று பெயர்.

வரைபடத்தின் ஒவ்வொரு தெருவுக்கும் பின்னால் ஒரு அட்டவணை இருக்கிறது. ஆபீஸ் ரிஜிஸ்தர் போலத்தான். ஒரு வரிசைக்கு ஒரு தெரு. பெயர், அகலம், ஒருவழிப் பாதையா, தார் ரோடா, சிமெண்ட் ரோடா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். 'பெயர் என்ற கட்டத்தில் இருப்பதை எடுத்து எழுது' என்று கட்டளை கொடுத்தால் போதும். ஆயிரம் தெருவாக இருந்தாலும் கம்ப்யூட்டரே எழுதிவிடும். இதுதான் லேபிள்.

அனோடேஷன் அப்படியல்ல. நாமே ஒரு இடத்தில் கிளிக் செய்து, தட்டச்சு செய்து வைக்கும் எழுத்து. அதற்குப் பின்னால் பெரும்பாலும் ரிஜிஸ்தர் கிடையாது.

அப்படியானால் அனோடேஷன் கூடாதா? அப்படியும் சொல்ல முடியாது. 'மழைக்காலத்தில் இங்கே முழங்கால் தண்ணீர்', 'இந்தப் பள்ளத்தை மூடவேண்டும்' என்று மனுவோடு வைக்கும் படத்தில் அம்புக்குறி போட்டு எழுத அதுதான் வசதி. பெயருக்கு லேபிள், பேச்சுக்கு அனோடேஷன். இரண்டையும் போட்டுக் குழப்பினால்தான் ஆபத்து.

காசு வேண்டாம்

இந்த வேலைக்குப் பெரிய பணம் தேவையில்லை. 'க்யூஜிஐஎஸ்' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. 2002-ல் தொடங்கியது. இலவசம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். லேபிளும் போடலாம். அனோடேஷனைத் தனி அடுக்காகவும் வைக்கலாம்.

கண்ணாடித் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தது போல இருப்பதுதான் அடுக்கு. ஒரு தாளில் தெரு, ஒரு தாளில் கால்வாய், ஒரு தாளில் நம்முடைய குறிப்பு. வேண்டாத தாளை மறைத்துவிடலாம். மற்றவை அப்படியே இருக்கும்.

காசு கொடுத்து வாங்குவதில் பெயர் பெற்றது 'ஆர்க்ஜிஐஎஸ்'. 1969-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் தொடங்கப்பட்ட 'எஸ்ரி' நிறுவனத்தின் தயாரிப்பு. அதில் ஒரு வசதி உண்டு. அனோடேஷனையே தெருவோடு கயிறு கட்டி வைக்கலாம். ரிஜிஸ்தரில் பெயரை மாற்றினால் படத்தில் உள்ள எழுத்தும் மாறும். தெருவையே அழித்தால் எழுத்தும் அழிந்துவிடும். அநாதையாக நிற்காது.

1,018 பெயர்கள்

கயிறு கட்டுவதால் என்ன லாபம்? 2020 ஜூன் மாதம் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

தமிழில் எப்படிச் சொல்கிறோமோ அப்படியே ஆங்கிலத்திலும் எழுதவேண்டும் என்று 1,018 இடங்களின் ஆங்கில எழுத்தைத் தமிழக அரசு மாற்றியது. 'எக்மோர்' போய் எழும்பூர் வந்தது. 'டூட்டிகோரின்' போய் தூத்துக்குடி வந்தது. எழுத்துக்கூட்டல் பற்றிப் பல விமர்சனங்கள் எழுந்தன. சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது!

ஒவ்வொரு பெயரையும் கையால் எழுதி வைத்த வரைபடக்காரர் ஒருவர், ஆணை வந்ததும் வேலையைத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1,018 இடத்தில் அழித்து, 1,018 இடத்தில் எழுதி, மறுபடியும் 1,018 இடத்தில் அழித்து... மனிதர் ஓடியே போயிருப்பார்!

ரிஜிஸ்தரில் பெயர் வைத்திருப்பவருக்குக் கவலை இல்லை. புதிய எழுத்துக்கு ஒரு கட்டம் சேர்ப்பார். 'இனி இந்தக் கட்டத்தைப் பார்த்து எழுது' என்பார். ஆணை போனால், 'பழைய கட்டத்துக்கே திரும்பு' என்பார். வேலை முடிந்தது.

மவுண்ட் ரோடா? அண்ணா சாலையா?

சென்னையில் ஒரு ரோட்டுக்கு ஒரு பெயர் என்பது அபூர்வம். பெயர்ப் பலகையில் 'அண்ணா சாலை'. பெரியவர்கள் வாயில் 'மவுண்ட் ரோடு'. பலகை டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்கிறது. பழைய ஆட்களுக்கு அது எட்வர்ட் எலியட்ஸ் ரோடு. டி.டி.கே. சாலையை மவுப்ரேஸ் ரோடு என்று சொன்னால்தான் சிலருக்குத் தெரியும்.

"பாண்டிபஜார் போகணும்னு ஏறுவாங்க. சர் தியாகராயா ரோடுன்னு சொல்லி எவனும் ஏறினதில்ல சார்" என்றார் தி.நகரில் ஒரு ஆட்டோ டிரைவர்.

எதை எழுதுவது? எல்லாவற்றையும்தான்! ஆனால் படத்தின் மேல் அல்ல, ரிஜிஸ்தரில்.

'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்ற உலக வரைபடம் 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. தொண்டர்கள் சேர்ந்து உண்டாக்குவது. அதில் ஒரு ரோட்டுக்குப் பல பெயர்க் கட்டங்கள் உண்டு. இன்றைய பெயர் ஒன்றில், தமிழ்ப் பெயர் ஒன்றில், ஆங்கிலப் பெயர் ஒன்றில், பழைய பெயர் ஒன்றில், மக்கள் கூப்பிடும் பெயர் ஒன்றில். படத்தில் ஒரு பெயர்தான் தெரியும். ஆனால் 'மவுண்ட் ரோடு' என்று தேடினாலும் அண்ணா சாலையைக் காட்டிவிடலாம்.

'அண்ணா சாலை என்கிற மவுண்ட் ரோடு (ஜெமினி வழி)' என்று எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் திணிப்பவர்கள் உண்டு. அது கல்யாணப் பத்திரிகைக்குச் சரி. வரைபடத்துக்குச் சரிவராது.

இடத்துக்குச் சண்டை

பெயர் சரி. அதை எங்கே வைப்பது? இதில்தான் பெரிய தலைவலி.

பஸ்ஸில் ஒரு சீட்டுக்கு நாலு பேர் மோதுவது போல, ஒரு சதுர அங்குலத்துக்கு நாலு பெயர் மோதும். ஸ்விட்சர்லாந்து நாட்டு வரைபட நிபுணர் எட்வர்ட் இம்ஹோஃப் 1962-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வரைபடக்காரர்கள் இன்றும் அதைப் பின்பற்றுகிறார்கள். புள்ளியாக இருக்கும் ஊருக்குப் பெயரை வலது பக்கம் சற்று மேலே வைப்பது உத்தமம். ஆற்றின் பெயர் ஆற்றின் வளைவோடு போகவேண்டும். எந்தப் பெயர் எந்த இடத்துக்கு உரியது என்பதில் சந்தேகமே வரக்கூடாது.

கேட்க எளிது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 பெயர். ஒவ்வொன்றையும் வைக்க 4 இடம். மொத்தம் எத்தனை விதமாக வைக்கலாம்? 10 லட்சத்து 48 ஆயிரத்து 576 விதம்! தி.நகரில் மட்டும் எத்தனை தெரு?

அதனால் கம்ப்யூட்டர் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறது. மோதுகிற பெயர்களில் சிலவற்றை எழுதாமலே விட்டுவிடும். நம் தெருவின் பெயர் தெரியாததற்குச் சில சமயம் இதுதான் காரணம். பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரிதாக்கியும் தெரியவில்லை என்றால்தான் பெயர் இல்லை என்று அர்த்தம்.

படம் போடுபவர் முன்னுரிமை கொடுக்கலாம். ஆஸ்பத்திரி முதலில், பெரிய சாலை அடுத்து, சந்து கடைசியில். நகரம் முழுவதும் தெரியும்போது சந்துப் பெயர் வேண்டாம், நெருங்கிப் பார்க்கும்போது மட்டும் வரட்டும் என்றும் சொல்லிவைக்கலாம். எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு கொடுத்தால், கறுப்புக் கோட்டின் மேல் விழுந்தாலும் பளிச்சென்று தெரியும்.

கொம்பு இங்கே, கால் அங்கே

தமிழ் எழுத்துக்குத் தனி சங்கடம் உண்டு. 'கொத்தவால்சாவடி' என்று எழுதுகிறோம். முதல் எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது. கால் பின்னால் நிற்கிறது. நடுவில் 'க'. இந்த வித்தை தெரியாத மென்பொருள் சில உண்டு. கொம்பை ஒரு பக்கமும் காலை ஒரு பக்கமும் வீசிவிடும். படிப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்ளவேண்டியதுதான்.

பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வரைபடங்களும் ஆபீஸ்களில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் திருவல்லிக்கேணி இருந்த இடத்தில் கண்டபடி குறிகள் நிற்கும். மருந்து ஒன்றுதான். யூனிகோடில் தட்டச்சு செய்யவேண்டும். 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே யூனிகோடில் தமிழ் இருந்தது.

சங்கிலியும் பெயரும்

வரைபடத்துக்கும் சென்னைக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் அளவைப்பணிக்கு வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்தது பரங்கிமலை அருகேதான். ஆண்டு 1802. இரும்புச் சங்கிலியை நீட்டி நீட்டி, சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தை அளந்தார்.

அன்றைக்குச் சங்கிலி. இன்றைக்குச் செயற்கைக்கோள். இரண்டும் நிலத்தைத்தான் அளக்கும். ஒரு தெருவின் நீளத்தை வானத்திலிருந்து பார்த்துச் சொல்லிவிடலாம். அது காந்தி தெருவா, கஸ்தூரிபா தெருவா என்று வானத்திலிருந்து தெரியாது. அதைத் தெருவில் இருப்பவர்தான் சொல்லவேண்டும்.

2011-ல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகப் பெருகியது. நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று பல ஊர்கள் உள்ளே வந்தன. ஒவ்வொரு ஊரும் ஒரு காந்தி தெருவையும் ஒரு பாரதி தெருவையும் கையோடு கொண்டுவந்தது! பெயர் இருந்தால் மட்டும் போதாது. சரியான கோட்டில் கட்டியிருக்கவேண்டும் என்பதற்கு வேறு காரணம் வேண்டுமா?

நீங்கள் என்ன செய்யலாம்?

* செல்போனில் உங்கள் தெருவைத் தேடிப் பாருங்கள். வீட்டு வாசலுக்கு வழி கேளுங்கள். வழி எங்கே போய் முடிகிறது என்று கவனியுங்கள்.

* தப்பு இருந்தால் சும்மா இருக்காதீர்கள். கூகுள் மேப்ஸில் திருத்தம் அனுப்பும் வசதி உண்டு. சரிபார்த்த பிறகு வெளியிடுவார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இலவசமாகப் பெயர் பதிந்துகொண்டு நீங்களே திருத்தலாம். யார் எதை எப்போது மாற்றினார் என்ற கணக்கு அதில் இருக்கும். ஒன்றில் திருத்தினால் இன்னொன்றில் தானாக மாறாது, இரண்டிலும் பாருங்கள்.

* திருத்தத் தெரியாதா? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் 'இங்கே பெயர் தப்பு' என்று ஒரு குறிப்பு வைத்துவிட்டு வரலாம். தெரிந்த தொண்டர் பார்த்துச் சரிசெய்து, குறிப்பை முடித்துவைப்பார்.

* தெருப் பெயரைத் தெருக் கோட்டுக்குக் கொடுங்கள். தனிப் புள்ளி வைத்து எழுதாதீர்கள்.

* ஒரு வரைபடத்தைப் பார்த்து இன்னொன்றில் காப்பி அடிக்காதீர்கள். அதற்கு உரிமைச் சட்டம் உண்டு. நேரில் போய்ப் பலகையைப் பாருங்கள்.

* குடியிருப்போர் சங்கத்துக்காகப் படம் போட்டால் குறிப்புகளைத் தனி அடுக்கில் வையுங்கள். தேதி போடுங்கள். பள்ளத்தை மூடியபிறகு குறிப்பையும் எடுத்துவிடுங்கள். மூடிய பள்ளத்தைக் காட்டும் படத்தை அடுத்த முறை எந்த அதிகாரியும் நம்பமாட்டார்.

* வீட்டுக்காரர் பெயர், போன் நம்பர் இவற்றைப் பொது வரைபடத்தில் எழுதவே எழுதாதீர்கள்.

சுரண்டிய போஸ்டர்

சரி, ஹார்டுவேர் கடைக்காரர் கதை என்ன ஆயிற்று?

மாணவன் வெள்ளைக் கோட்டைத் தொட்டான். பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தது. விரலை நிறுத்திக்கொண்டு கேட்டான்:

"அங்கிள், பலகையில என்ன எழுதியிருக்கு? காந்தி தெருவா? மகாத்மா காந்தி தெருவா?"

கடைக்காரர் விழித்தார். 30 வருடம் குடியிருந்தவருக்குப் பதில் தெரியவில்லை!

இரண்டு பேரும் டார்ச் எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார்கள். பலகை இருந்தது. அதன் மேல் ஒரு போஸ்டர். அதன் மேல் இன்னொரு போஸ்டர். கடைக்காரர் தன் கடையைத் திறந்தார். பெயிண்ட் சுரண்டும் தகடு ஒன்றை எடுத்துவந்து சுரண்டினார்.

'மகாத்மா காந்தி 2-வது தெரு' என்று எழுத்து வெளியே வந்தது.

அந்தப் பெயர் பெயர்க் கட்டத்துக்குப் போயிற்று. 'காந்தி தெரு' மக்கள் கூப்பிடும் பெயர்க் கட்டத்துக்குப் போயிற்று. கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த புள்ளி அழிக்கப்பட்டது. மொத்த வேலை 5 நிமிடம்.

இப்போது வாரத்துக்கு ஒரு நாள், கடை திறக்கும் முன் கடைக்காரர் அந்தத் தகட்டோடு தெருமுனைக்குப் போகிறார். புது போஸ்டர் இருந்தால் சுரண்டிவிட்டு வருகிறார்.

"கம்ப்யூட்டர்ல சரி பண்ணிட்டோம். அடுத்த தடவை சரி பார்க்க வர்ற பையனுக்குப் பலகை தெரிய வேணாமா சார்?" என்கிறார்.

தாயார் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார்.